தண்டுவடக் குழலைப் பிரித்தெடுக்க யூ-நெட்டா, கிராஃப் கட்டா?

பர்கூரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஃப்ளோரோசிஸ் (குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடால் வரும் பல், எலும்பு நோய்) பாதித்தவர்களின் இடுப்புப் பகுதி சிடி ஸ்கேனில் தண்டுவடக் குழலைத் தனியாகப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். மருத்துவர் கையால் எல்லை வரைந்து கொடுத்த ஸ்கேன் இருபதுக்குள்தான் இருக்கிறது. ஜிபியு கிடையாது, லேப்டாப்தான். எல்லாரும் யூ-நெட் போடு என்கிறார்கள். ஸ்நேக், லெவல் செட், கிராஃப் கட் மாதிரியான ஆப்டிமைசேஷன் (ஒரு செலவுக் கணக்கின் சிறுமத்தைத் தேடும்) முறைகள் இனி வேலைக்கு ஆகாதா? படிப்பதென்றால் எதைப் படிப்பது?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. கிராஃப் கட்டில் தொடங்குங்கள். ஜிபியு இல்லை என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. விடை தப்பாக வரும்போது, தப்பு நீங்கள் எழுதிய கணக்கிலா, அதைத் தீர்த்த விதத்திலா என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடிய முறை அது. ஆராய்ச்சியில் கால்வாசி நேரத்தை மிச்சப்படுத்தும் குணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். யூ-நெட்டை, அதாவது வரைந்து கொடுத்த படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பை, எங்கே, எப்போது கொண்டுவருவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்திருக்கும் தலைப்பு எனக்கு நெருக்கமானது. நான் பாலக்கோட்டுக்காரன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிவதோடு நிற்பதில்லை. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் அடர்த்தியாகின்றன, தசைநார்கள் எலும்பாக மாறுகின்றன. முள்ளெலும்புகளின் பின்பக்கமாக ஓடும் தசைநார் அப்படி இறுகித் தடித்தால் தண்டுவடக் குழல் குறுகி நரம்பு நசுங்குகிறது. இந்தியாவில் இதை முதலில் விரிவாகப் பதிவு செய்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததற்கே இதுதான் காரணம். ஆனால் அதற்கு முன்பே எலும்பில் ஏறிவிட்டது இறங்குவதில்லை. குழல் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று சரியாக அளந்து சொல்வது இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும் வேலை.

சரி, கணக்குக்கு வருவோம்.

செக்மென்டேஷன் என்றால் ஒவ்வொரு வோக்சலுக்கும் (முப்பரிமாண ஸ்கேனின் மிகச் சிறிய கட்டிக்கும்) 'குழல்', 'குழல் இல்லை' என்று ஒரு முத்திரை குத்துவது. எந்த முத்திரைத் தொகுப்பு நல்லது என்பதற்கு ஒரு செலவுக் கணக்கு எழுதுகிறோம். அதில் இரண்டு பகுதி. முதலாவது தரவுச் செலவு: இந்த வோக்சலின் ஹவுன்ஸ்ஃபீல்ட் மதிப்பைப் பார்த்தால் அது குழலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, எலும்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வாய்ப்பின் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்தால் அதுவே செலவு. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்புக்குக் கழித்தல் 100-ஐ ஒட்டி, எலும்புக்குச் சில நூறுகள் தொடங்கி மேலே என்பது சிடியின் அளவுகோல். இரண்டாவது எல்லைச் செலவு: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வோக்சல்கள் வேறு வேறு முத்திரை வாங்கினால் ஓர் அபராதம். இரண்டையும் கூட்டும்போது எல்லைச் செலவை லாம்டா என்ற ஓர் எண்ணால் பெருக்குகிறோம். மொத்தம் எந்த அமைப்பில் மிகக் குறைவோ அதுதான் விடை.

இந்த லாம்டாவை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 1 என்று வைப்பார்கள், இல்லாவிட்டால் படம் அழகாக வரும்வரை திருகிக்கொண்டிருப்பார்கள். அது என்ன செய்கிறது என்று கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முப்பரிமாணத்தில் ஒரு வோக்சலுக்கு முகத்தோடு முகம் ஒட்டிய அண்டை வோக்சல்கள் ஆறு. குழலுக்கு நடுவில் ஒரே ஒரு வோக்சல் மட்டும் இரைச்சலால் எலும்பு மாதிரி வெளுத்துத் தெரிகிறது என்று வையுங்கள். அதற்கு எலும்பு முத்திரை கொடுத்தால் தரவுச் செலவில் 3 மிச்சம். ஆனால் ஆறு பக்கமும் எல்லை உண்டாகும், 6 லாம்டா செலவு. எனவே லாம்டா 0.5-க்கு மேல் இருந்தால் இந்த இரைச்சல் தானே அழிந்துவிடும். நல்லது. இப்போது அதே வெளுப்போடு ஒரு வோக்சல் தடிமனுள்ள மெல்லிய எலும்பு முள் ஒன்று குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒவ்வொரு வோக்சலுக்கும் குழலைத் தொடும் பக்கங்கள் நான்கு. மிச்சம் 3, செலவு 4 லாம்டா. லாம்டா 0.75-ஐத் தாண்டினால் முள்ளும் அழிந்துவிடும். ஆக, இரைச்சல் போக வேண்டும், முள் நிற்க வேண்டும் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.5-க்கும் 0.75-க்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி மட்டும். 1 என்று வைத்தவருக்கு வழவழப்பான, பார்க்க அருமையான, மருத்துவ ரீதியில் தவறான படம் வரும்.

சுவரோடு ஒட்டித் தடித்த தசைநாருக்கு இந்த ஆபத்து குறைவு. அது ஏற்கனவே இருக்கும் எல்லையை உள்ளே தள்ளுகிறதே தவிர, புதிதாக அதிக எல்லையை உண்டாக்குவதில்லை. மெல்லிய முட்களும் கூர்மையான விளிம்புகளும்தான் முதலில் பலியாகும்.

நடைமுறையில் அபராதத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக வைப்பதில்லை. பக்கத்து வோக்சல்களின் மதிப்பு வித்தியாசம் அதிகமாக இருக்கும் இடத்தில் அபராதத்தைக் குறைத்துவிடுவோம், எல்லை அங்கே விழட்டும் என்று. எவ்வளவு வித்தியாசத்தை 'அதிகம்' என்பது? அதற்கு சிக்மா என்று ஓர் அளவு வேண்டும். ஸ்கேனிலேயே சீராக இருக்கும் ஒரு திசுப் பகுதியை எடுத்து மதிப்புகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு அதையே போடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு ஸ்லைஸ் (ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) தடிமனுக்கும் இரைச்சல் மாறும் என்பதால் ஊகித்துப் போடுவதைவிட இது பல மடங்கு நல்லது.

கணக்கு எழுதியாகிவிட்டது. இனி சிறுமத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வரலாறு இங்கேதான் சுவாரசியமாகிறது.

ஸ்நேக் முறையை 1987-ல் காஸ், விட்கின், டெர்சோபூலஸ் மூவரும் கொண்டுவந்தார்கள். வளையக்கூடிய ஒரு கோட்டைப் படத்தின் மேல் போட்டு, அது அதிகம் வளையாமலும் விளிம்புகளை நோக்கி இழுபட்டும் நகரும்படி செய்வார்கள். தொடக்கக் கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்தே விடை. பிளஸ் டூவில் படித்த இடஞ்சார்ந்த சிறுமத்தில் போய் மாட்டிக்கொள்ளும். 1988-ல் ஓஷர், செத்தியன் கொடுத்த லெவல் செட் முறையில் கோடு இரண்டாகப் பிரியலாம், இரண்டு கோடுகள் ஒன்றாகலாம். 2001-ல் சான், வீஸ் இருவரும் விளிம்பையே நம்பாமல் உள்பக்கச் சராசரி, வெளிப்பக்கச் சராசரி என்று எழுதிய மாதிரி இன்றும் பயன்படுகிறது. இவை எல்லாமே சரிவில் படிப்படியாக இறங்கும் முறைகள். எங்கே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கிராஃப் கட் வேறு ரகம். ஒகேனக்கல் குழாய் வலையமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் காவிரி, மறுமுனையில் ஓசூர், நடுவில் எத்தனையோ தொட்டிகளும் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்களும். ஓசூருக்கு ஒரு சொட்டும் போகாமல் அடைக்க வேண்டும் என்றால் எந்தெந்தக் குழாய்களை மூடினால் மூடிய குழாய்களின் மொத்தக் கொள்ளளவு மிகக் குறைவாக இருக்கும்? அந்த மிகக் குறைந்த எண்ணும், ஓசூருக்கு அனுப்பக்கூடிய அதிகபட்ச நீரின் அளவும் ஒன்றுதான். இதுதான் மேக்ஸ்-ஃப்ளோ மின்-கட் தேற்றம். ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-ல் வெளியிட்டார்கள். நம் படத்தில் ஒவ்வொரு வோக்சலும் ஒரு தொட்டி. பக்கத்து வோக்சல்களை இணைக்கும் குழாயின் கொள்ளளவு எல்லைச் செலவு. காவிரி முனை 'குழல்', ஓசூர் முனை 'குழல் இல்லை'. ஒவ்வொரு வோக்சலிலிருந்தும் இரண்டு முனைக்கும் போகும் குழாய்களின் கொள்ளளவு தரவுச் செலவு. மிகக் குறைந்த செலவில் வெட்டினால், காவிரிப் பக்கம் நின்றவையெல்லாம் குழல். தோராயமான விடை இல்லை, இதைவிடக் குறைந்த செலவுள்ள முத்திரைத் தொகுப்பு கிடையவே கிடையாது.

இதன் அருமை 1989-ல் வெளியான ஒரு கட்டுரையில் தெரிந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஸ்டூவர்ட் ஜீமன், டொனால்ட் ஜீமன் சகோதரர்கள் இதே மாதிரியான செலவை, உலோகத்தை மெதுவாக ஆறவைப்பதைப் போன்ற ஒரு சீரற்ற தேடல் முறையால் குறைத்தார்கள். கிரெய்க், போர்ட்டியஸ், சீஹல்ட் மூவரும் கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு மின்-கட் வைத்துத் துல்லியமான சிறுமத்தைக் கண்டு ஒப்பிட்டார்கள். இரண்டு விஷயம் வெளிவந்தது. நடைமுறையில் கட்டுப்படியாகும் வேகத்தில் ஆறவைத்தால் அந்தத் தேடல் உண்மையான சிறுமத்துக்கு நல்ல தோராயமாகக்கூட அமையாமல் போகலாம். அதைவிட முக்கியமானது இரண்டாவது: உண்மையான சிறுமமே சில படங்களில் அளவுக்கு மீறி வழவழவென்று இருந்தது. அதாவது, எழுதிய செலவிலேயே கோளாறு. துல்லியமான விடை கையில் வராதவரை இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தீர்க்கும் முறை சரியில்லை என்று அதையே சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் தினமும் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான். கிராஃப் கட் தந்த விடையின் மொத்தச் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வரைந்த எல்லையை அதே சூத்திரத்தில் போட்டு அதன் செலவையும் கணக்கிடுங்கள். மருத்துவரின் எல்லைக்குச் செலவு அதிகம் என்றால் உங்கள் செலவு மாதிரி தப்பானதைப் பரிசளிக்கிறது, அதை மாற்றி எழுத வேண்டும். மருத்துவரின் எல்லைக்குச் செலவு குறைவாக வரவே முடியாது. வந்தால் நிரலில் பிழை. ஸ்நேக்கிலோ லெவல் செட்டிலோ இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகப் பேசாது.

2001-ல் சீமென்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த பாய்கோவும் ஜோலியும் இதை மருத்துவப் படங்களுக்கு ஏற்றபடி ஆக்கினார்கள். பயனர் உள்ளே சில புள்ளிகள், வெளியே சில புள்ளிகள் தொட்டுக்காட்டுவார் (இவைதான் விதைப் புள்ளிகள்), மீதியைக் கணினி வெட்டும். தப்பினால் இன்னும் ஒரு புள்ளி. 2004-ல் பாய்கோவ், கோல்மகோரவ் வெளியிட்ட மேக்ஸ்-ஃப்ளோ நிரல்தான் இன்று நீங்கள் பைத்தானில் பைமேக்ஸ்ஃப்ளோ என்று நிறுவுவதன் உள்ளே ஓடுவது.

இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அண்டை வோக்சல்கள் ஒரே முத்திரை வாங்குவதற்கான செலவுகளின் கூட்டல், வேறு முத்திரை வாங்குவதற்கான செலவுகளின் கூட்டலைவிட மிகக்கூடாது. மிகுந்தால் இந்த உத்தரவாதம் போய்விடும். அப்புறம், இது இரண்டு முத்திரைக்குத்தான். குழல், முள்ளெலும்பு, டிஸ்க், மற்றவை என்று நான்காகப் பிரிக்கப் போனால் துல்லியமான விடை பொதுவாகக் கைக்கு எட்டாது. ஆல்ஃபா-எக்ஸ்பான்ஷன் என்ற முறையில் சாதாரண எல்லைச் செலவுக்கு, உண்மைச் சிறுமத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருக்கும் என்ற உறுதியோடு ஒரு விடை கிடைக்கும். ஆனால் முதல் கட்டத்தில் குழலை மட்டும் எடுங்கள்.

இப்போது முதுகெலும்பின் சொந்தத் தொல்லைகள். தண்டுவடக் குழலைச் சுற்றி முழுக்க எலும்புச் சுவர் இல்லை. ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு பக்கமும் நரம்பு வெளியே போக ஒரு துளை. அங்கே விளிம்பே கிடையாது. வெறும் மதிப்பை வைத்து வளர்த்தால் குழல் அந்தத் துளை வழியாகக் கசிந்து வயிற்றுச் சுவர்வரை போய்விடும். கிராஃப் கட்டில் துளைக்கு வெளியே 'குழல் இல்லை' என்று விதைப் புள்ளிகள் வையுங்கள். மிகக் குறைந்த செலவுள்ள வெட்டு இயல்பாகவே துளையின் மிகக் குறுகிய கழுத்தில் விழும், மருத்துவர்களும் பெரும்பாலும் அங்கேதான் கோடு போடுவார்கள். உள்ளே வைக்கும் விதை ஒரே ஒரு புள்ளியாக இருக்கக்கூடாது. குறைந்த எல்லையைத் தேடும் இந்த முறை, விதையைச் சுற்றியே ஒரு சின்ன வட்டம் போட்டு முடித்துக்கொள்ளும். மேலிருந்து கீழ்வரை குழலின் நடுவாக ஒரு கோடு போடுங்கள்.

வடிவ நிபந்தனை சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மையத்திலிருந்து பார்த்தால் குழலின் எல்லாப் புள்ளியும் நேராகத் தெரிய வேண்டும் என்ற நட்சத்திர வடிவ நிபந்தனையைக் கிராஃப் கட்டுக்குள் வைக்க முடியும். வெக்ஸ்லர் 2008-ல் காட்டினார். ஆரோக்கியமானவர் ஸ்கேனில் கசிவை அருமையாகத் தடுக்கும். நம் நோயாளிகளிடம் எச்சரிக்கை தேவை. முள்ளெலும்புகளின் பின்பக்கமாக, அதாவது குழலின் முன்சுவரில், ஓடும் அந்தத் தசைநார் எலும்பாகி உள்ளே புடைத்தால் மிச்சக் குழல் பிறை வடிவமாகிறது. பிறைக்கு எல்லாப் புள்ளிகளையும் பார்க்கும் ஒரு மையம் இல்லாமல்கூடப் போகலாம். நிபந்தனை அப்போது ஒரு கொம்பை வெட்டிவிடும், இல்லையென்றால் புடைப்பையே குழல் என்று சேர்த்துக்கொள்ளும். நோய் எங்கே கடுமையோ அங்கேதான் தப்பும் பெரிதாகும். ஆரோக்கியமான ஸ்கேன்களில் கற்ற எந்த வடிவ மாதிரிக்கும் இது பொருந்தும். என் கருத்தில், முதலில் வடிவ நிபந்தனையே இல்லாமல் முயலுங்கள்.

எலும்புக்கான தரவுச் செலவையும் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஃப்ளோரோசிஸில் முள்ளெலும்பின் உள்பகுதியே வழக்கத்தைவிட அடர்த்தி. பாதி எலும்பான தசைநார் திசுவுக்கும் எலும்புக்கும் நடுவான மதிப்புகளில் நிற்கும். உங்கள் ஸ்கேன்களின் விதைப் புள்ளிகளிலிருந்தே ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு) எடுங்கள்.

கட்டம் கட்டமாக எல்லை வருகிறதே என்று தோன்றினால் ஆறு அண்டைகளுக்குப் பதில் இருபத்தாறு வையுங்கள், தூரத்துக்கேற்ற எடையோடு. இல்லாவிட்டால் தொடர் வெளியில் கன்வெக்ஸ் ஆக்கி (இடஞ்சார்ந்த சிறுமத்தில் மாட்டாத வடிவுக்கு மாற்றி) தீர்க்கும் வழி இருக்கிறது. சான், எசெடோக்ளூ, நிகோலோவா மூவரும் 2006-ல் ஓர் அழகான விஷயத்தை நிறுவினார்கள்: சான்-வீஸ் மாதிரியில் உள், வெளிச் சராசரிகள் நிலையாக இருந்தால், முத்திரையை 0, 1 என்று கட்டாயப்படுத்தாமல் நடுவில் எந்த எண்ணும் ஆகலாம் என்று தளர்த்தித் தீர்த்து, வந்த விடையை எந்த மட்டத்தில் வெட்டினாலும் மூலக் கணக்குக்கும் அது முழுச் சிறுமமே. தீர்க்க ஷாம்போல்-பொக் முறை (2011) போதும், நிரல் ஒரு பக்கம்தான் வரும். கணிதம் பிடிக்கும் என்றால் இதைப் படிக்காமல் விடாதீர்கள்.

லேப்டாப் தாங்குமா? 512-க்கு 512 அளவில் 100 ஸ்லைஸ் என்றால் 2.6 கோடி வோக்சல். முழுதாகப் போட்டால் நினைவகம் நிரம்பிவிடும். குழலைச் சுற்றி 150-க்கு 150, 60 ஸ்லைஸ் என்று வெட்டினால் 13.5 லட்சம்தான், சாதாரண லேப்டாப்பே போதும்.

இனி யூ-நெட். 2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து வந்தது. அதுவும் ஆப்டிமைசேஷன்தான். அங்கே பயிற்சியின்போது வலையமைப்பின் எடைகள் மேல் சிறுமம் தேடுகிறோம், புதிய ஸ்கேன் வந்தபின் தேடல் இல்லை. ஒரு ஸ்லைஸில் குழல் எடுத்துக்கொள்ளும் இடம் பொதுவாக ஒரு சதவீதம்கூட இருக்காது. எல்லாம் 'குழல் இல்லை' என்று சொல்லும் வலையமைப்புக்கும் 99 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். இதனால்தான் 2016-ல் வி-நெட் (யூ-நெட்டைப் போன்ற முப்பரிமாண வலையமைப்பு) கட்டுரை, இரண்டு பகுதிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் டைஸ் அளவையே இழப்பாக, அதாவது பயிற்சியில் குறைக்கும் செலவாக, வைத்தது. போதிய தரவும் ஜிபியுவும் இருந்தால் 2021-ல் வந்த என்என்யூ-நெட் (தரவுக்கேற்பத் தன்னைத்தானே அமைத்துக்கொள்ளும் யூ-நெட்) நீங்கள் கையால் கட்டும் எதையும் பெரும்பாலும் வென்றுவிடும். இதை மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் இருபது ஸ்கேனில் அதை நம்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: கிராஃப் கட்டால் பிரித்து, மருத்துவர் திருத்த, அந்தத் திருத்தங்கள் சேரச் சேர அதுவே பயிற்சித் தரவாகும். பின்னால் யூ-நெட் தரும் வாய்ப்பு எண்களையே தரவுச் செலவாக வைத்து அதே கிராஃப் கட்டை ஓட்டலாம். நீங்கள் எழுதிய நிரல் வீணாகாது.

சிடி ஸ்கேனில் உறுப்புகளைத் தானே பிரித்துத் தரும் டோட்டல்செக்மென்டேட்டர் மாதிரித் தயார்க் கருவிகளின் வேகப் பயன்முறை லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் அது 3 மில்லிமீட்டர் வோக்சலில் வேலை செய்கிறது. இடுப்புப் பகுதியில் குழலின் முன்பின் அகலம் 12 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே குறுகல் என்று மருத்துவர்கள் கவனிப்பார்கள், 10-க்குக் கீழே என்றால் தீவிரம். ஒரு வோக்சல் பிசகினால் 13 என்பது 10 ஆகிவிடும். முள்ளெலும்புகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து விதை வைக்க அதைப் பயன்படுத்துங்கள், அளக்க வேண்டாம்.

மதிப்பீட்டில் டைஸ் எண்ணை மட்டும் காட்டாதீர்கள். நீளமான குழலில் ஒரே ஒரு மட்டத்தில் குறுகலைத் தவறவிட்டாலும் டைஸ் உயரத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு மட்டத்திலும் மிகக் குறைந்த முன்பின் அகலத்தை மில்லிமீட்டரில் கணக்கிட்டு மருத்துவரின் அளவோடு ஒப்பிடுங்கள். கூடவே 95 சதமான ஹவுஸ்டார்ஃப் தூரம் (இரண்டு எல்லைகளுக்கும் இடையிலான தூரங்களில் 95 சதவீதம் எந்த அளவுக்குள் அடங்குகிறதோ அது). லாம்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு தொகுதி, சோதிக்க ஒரு தொகுதி என்று பிரிக்கும்போது நோயாளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே நோயாளியின் ஸ்லைஸ்கள் இரண்டு பக்கமும் போனால் முடிவு பொய்யாகிவிடும். சில ஸ்கேன்களை இரண்டாவது மருத்துவர் ஒருவரும் தனியாக வரைந்து தர ஏற்பாடு செய்யுங்கள். இருவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், உங்கள் முறையை அதற்குக் கீழே கொண்டுபோக லாம்டாவைத் திருகுவதில் பயன் இல்லை. அந்த நேரத்தில், பிறை வடிவமாகிப்போன கடினமான மட்டங்களை மட்டும் தனியாக எடுத்து அவற்றின் பிழையை ஓர் அட்டவணையாகப் போடுங்கள்.